டோலமைட்ஸ் வியா ஃபெராட்டா: பழைய செட், 31 கிலோ பையன், 115 கிலோ நண்பர். எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது?

கொங்குநாட்டான் (மியூனிக்)

எல்லாருக்கும் வணக்கம். செப்டம்பர் முதல் வாரம் குடும்பத்தோடு இத்தாலியின் டோலமைட்ஸ் மலைகளுக்குப் போகிறோம். கார்தேனா கணவாய்ப் பக்கம் இருக்கும் பிசியாடு வியா ஃபெராட்டா (பிரிகாட்டா திரிதெந்தீனா) ஏறலாம் என்று எண்ணம்; பாறையில் இரும்பு வடமும் படிகளும் பதித்த ஏறுபாதை அது. நான்கு பேர்: நான் 78 கிலோ, மனைவி 52, நண்பர் 115, பையனுக்குப் பத்து வயது, 31 கிலோ. உள்ளரங்கச் சுவரில் எல்லாருக்கும் ஓரளவு பழக்கம் உண்டு. இரும்பு வடப் பாதையில் இதுவரை யாரும் ஏறியதில்லை.

1. அலுவலக நண்பர் ஒருவர் 2009-இல் வாங்கிய செட் (இடுப்பு ஹார்னஸை வடத்தோடு இணைக்கும் இரண்டு நாடாக் கைகளும் நுனியில் கொக்கிகளும் உள்ளது) தருகிறேன் என்கிறார். நாலைந்து தடவைதான் பயன்படுத்தினாராம். எடுத்துக்கொள்ளலாமா?
2. மற்றவர்களுக்கு 120 செ.மீ. டைனீமா ஸ்லிங் (நாடா வளையம்) இரண்டு, திருகிப் பூட்டும் ஸ்க்ரூ கேராபினர் (உலோகக் கொக்கி) இரண்டு என்று போட்டுக்கொண்டால் போதாதா? ஸ்லிங்கில் 22 கிலோநியூட்டன் என்று இருக்கிறது. இரண்டு டன்னுக்கும் மேல் தாங்கும் என்றுதானே பொருள்?
3. சைக்கிள் ஹெல்மெட் போதுமா?
4. பையனுக்கு என்ன செய்வது?

இன்னொன்று. ஒரு தளத்தில் இந்தப் பாதையின் கடினத் தரத்தை டி என்கிறார்கள், இன்னொன்றில் சி. எதை நம்புவது?

---

வடமுனை (இன்ஸ்புருக்)

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் ஆபத்தானது. வெறும் ஸ்லிங்கை வைத்து வியா ஃபெராட்டா ஏறவே கூடாது.

உள்ளரங்கச் சுவரில் விழும்போது நீளும் கயிறு வேகத்தை வாங்கிக்கொள்கிறது. இங்கே அப்படி ஒன்று கிடையாது. செங்குத்துப் பகுதியில் கடைசி ஆங்கருக்கு (வடத்தைப் பாறையில் பிணைக்கும் இரும்புக்கு) மேலே 3 மீட்டர் ஏறியிருக்கிறீர்கள், கேராபினர் உங்கள் இடுப்பு உயரத்தில் வடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கை நழுவினால் கேராபினர் வடத்தில் சறுக்கிக்கொண்டே வந்து அந்த ஆங்கரில்தான் நிற்கும். அதுவரை 3 மீட்டர், அதற்குக் கீழே ஸ்லிங் நீளம் சுமார் ஒரு மீட்டர். மொத்தம் 4 மீட்டர் விழுந்ததை ஒரு மீட்டர் நாடா பிடித்து நிறுத்த வேண்டும், அதாவது ஃபால் ஃபேக்டர் (விழுந்த தூரத்தை நாடாவின் நீளத்தால் வகுத்தது) 4. கயிறு கட்டி ஏறும் சாதாரணப் பாறை ஏற்றத்தில் அது 2-ஐத் தாண்டாது. டைனீமா ஏறக்குறைய நீளவே நீளாது. 22 கிலோநியூட்டன் என்பது மெதுவாக இழுத்துப் பார்த்த கணக்கு. திடீர் உதறலில் அது அறும், அறாவிட்டால் அந்த அடியை உங்கள் இடுப்பும் முதுகெலும்பும் வாங்கும். ஸ்க்ரூ கேராபினரும் இங்கே சரிப்படாது. ஒரு பாதையில் நூறு தடவைக்கு மேல் மாட்டிக் கழற்றுவீர்கள். பத்தாவது தடவையிலேயே திருகுவதை மறந்துவிடுவோம்.

செட்டில் இருக்கும் ஷாக் அப்சார்பர் இதற்குத்தான். சிறு பைக்குள் மடித்துத் தைத்த நாடா இருக்கும். விழும்போது தையல் வரிசையாகக் கிழிந்து, அந்தக் கிழிசலில் வேகம் கரையும். இப்போதைய ஐரோப்பியத் தரம் ஈஎன் 958:2017. அதன்படி 120 கிலோ எடையை விழவிட்டால் உடலுக்கு வரும் விசை 6 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது, 40 கிலோவுக்கு 3.5-ஐத் தாண்டக் கூடாது, கிழிசல் 2.2 மீட்டருக்குள் முடிய வேண்டும். அதற்கு முந்தைய செட்கள் 80 கிலோ ஒன்றை மட்டும் வைத்துச் சோதிக்கப்பட்டவை. உங்கள் வீட்டம்மா 52 கிலோ. பழைய செட் அவருக்குத் தேவைக்கு மேல் கடினமாகப் பிடிக்கும்.

முதல் கேள்விக்கு வருகிறேன். 2009 செட் வேண்டாம். எத்தனை தடவை பயன்படுத்தினார் என்பது இங்கே பேச்சே இல்லை. 2012 ஆகஸ்டில் ஆஸ்திரியாவின் திரோலில் வால்க்ஸே அருகே ஒருவர் விழுந்தபோது செட்டின் இரண்டு கைகளும் அறுந்து அவர் இறந்துபோனார். எலாஸ்டிக் கைகளுக்குள் இருந்த நாடா பயன்பாட்டில் தேய்ந்து வலுவிழந்திருந்தது, வெளியே பார்த்தால் தெரியாது. பல நிறுவனங்கள் செட்களைத் திரும்பப் பெற்றன. 2013 தொடக்கத்தில், ஓட்டைகள் வழியாகக் கயிறு உராய்ந்து ஓடும் பழைய வகை பிரேக்குகளும் அந்த வரிசையில் சேர்ந்தன. நண்பருடைய செட் சரியாக அந்தக் காலத்தைச் சேர்ந்தது. நன்றி சொல்லி, செட்டின் கைகளை வெட்டிக் குப்பையில் போடச் சொல்லுங்கள். அப்படியே கொடுத்தால் வேறு யாராவது எடுத்து மாட்டுவார்கள்.

புதிது வாங்கும்போது லேபிளில் ஈஎன் 958:2017 இருக்கிறதா, கேராபினரில் வட்டத்துக்குள் கே எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். கைகள் ஒய் வடிவில் இருக்க வேண்டும், நடுவில் சுழலி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் இரண்டு கைகளும் முறுக்கிக்கொள்ளும். கேராபினர் உள்ளங்கையில் அழுத்தினால் திறக்கும் வகையா, உங்கள் மனைவியின் கை அளவுக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே கையுறை போட்டுச் சோதியுங்கள். கொர்வாரா, செல்வா ஊர்களில் வாடகைக்கும் கிடைக்கும். வாடகை செட் என்றால் அப்சார்பர் பையின் ஜிப்பைத் திறந்து பாருங்கள். தையல் ஒரு சென்டிமீட்டர் பிரிந்திருந்தாலும் திருப்பிக் கொடுங்கள்.

ஹெல்மெட்: மலையேற்ற ஹெல்மெட்டுக்கான ஈஎன் 12492 தரம் உள்ளது வேண்டும். சைக்கிள் ஹெல்மெட் சாலையில் விழுவதற்குச் செய்தது, மேலிருந்து வரும் கல்லுக்குச் செய்ததல்ல. கல் விழுவது பெரும்பாலும் முன்னால் ஏறுபவர் காலடியிலிருந்து. ஆகவே ஏற்றம் தொடங்கும்போது அல்ல, சுவருக்கு அடியில் போய்ச் சேர்வதற்கு முன்பே தலையில் இருக்க வேண்டும்.

டி, சி குழப்பம்: இரண்டும் வேறு வேறு அளவுகோல். இத்தாலியர்களின் டி என்பது 'கடினம்' என்ற சொல்லின் முதலெழுத்து. ஆஸ்திரிய, ஜெர்மன் வழக்கில் ஏ முதல் ஈ வரை எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் வரிசை. இத்தாலிய டி ஏறக்குறைய நம் பக்கத்துச் சி. பிசியாடு சி என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாதைக்கு அது கூடுதல்தான், என்னைக் கேட்டால் ஒரு ஏ/பி பாதை முடித்துவிட்டுப் போகலாம்.

---

பனிக்கோடாரி (சூரிச்)

மகனைப் பற்றியும் நண்பரைப் பற்றியும் நான் சொல்லுறன். ரெண்டு பேருமே செட்டின்ர அளவுக்கு வெளியில நிக்கினம்.

செட்டுக்கான எடை 40 கிலோவில இருந்து 120 கிலோ வரை. கீழ் எல்லை உடல் எடை மட்டும், மேல் எல்லை பை, உடுப்பு, சப்பாத்து, தண்ணி எல்லாம் சேர்த்து. 115 கிலோ நண்பர் ஹார்னஸ், ஹெல்மெட், ரெண்டு லீட்டர் தண்ணி, சாப்பாடு எல்லாம் கட்டினால் 120-ஐத் தாண்டிடுவார். தாண்டினால் என்ன நடக்கும்? அப்சார்பர் முழுக்கக் கிழிஞ்சு முடிஞ்ச பிறகும் வேகம் மிச்சம் இருக்கும், அந்த மிச்சம் ஒரே இழுவையில நிக்கும். அவற்ற பையை நீங்கள் தூக்குங்கோ எண்டு சிலர் சொல்லுவினம். அது கணக்கைச் சரிக்கட்டுற வழி, எல்லையில நிக்கிற ஆளுக்கு நான் அதைச் சொல்லமாட்டன்.

பையன்ர கணக்கு மற்றப் பக்கம். 80 கிலோவுக்குச் செய்த பழைய செட் 6 கிலோநியூட்டனில பிடிச்சால், 31 கிலோ உடம்புக்கு அது புவியீர்ப்பைப் போல 20 மடங்கு அளவுக்கு வரும். புதிய செட்டிலும் 40-க்குக் கீழ சோதனை இல்லை. அப்சார்பர் கிழியத் தொடங்கவே ஒரு குறைஞ்சபட்ச விசை வேணும், பாரம் குறைஞ்ச பிள்ளைக்கு அது திறக்காமலே கெட்டியாப் பிடிச்சிடும்.

ரெண்டு பேருக்கும் விடை ஒண்டுதான்: மேலிருந்து கயிறு. செட்டும் போட்டிருக்கட்டும், ஆனால் விழுந்தால் பிடிக்கிறது கயிறாத்தான் இருக்கவேணும். 30 மீட்டர் டைனமிக் (இழுத்தால் நீளுற) கயிறு போதும். பெரியவர் முன்னால ஏறி நல்ல ஆங்கர் ஒண்டில ஸ்லிங்கும் லொக்கிங் கேராபினரும் போட்டு, முன்டர் முடிச்சில (உராய்வால கயிறை நிப்பாட்டுற முடிச்சு) கயிறைச் சேர்த்து இழுத்துப் பிள்ளையைப் பிடிக்கவேணும். கயிறு தொய்யக் கூடாது. பக்கவாட்டில போற இடங்களில ஒவ்வொரு ஆங்கரிலயும் குவிக்ட்ரோ (ரெண்டு பக்கமும் கேராபினர் உள்ள குட்டை நாடா) ஒண்டு போட்டுக் கயிறைக் கொழுவவேணும், இல்லையெண்டால் பிள்ளை ஊஞ்சல் மாதிரி ஆடிப்போய் பாறையில அடிபடும். முன்னால ஏறுற ஆளுக்கு இந்த வேலை கைவந்ததா இருக்கவேணும். உள்ளரங்கச் சுவர்ப் பழக்கம் இதுக்குக் காணாது. மலை வழிகாட்டி ஒருவரைப் பிடியுங்கோ.

ஹார்னஸ்: பத்து வயதுப் பிள்ளைக்கு இடுப்பெலும்பு மேல பட்டி நிக்குதோ எண்டு பாருங்கோ. கீழ வழுகினால் தலைகீழாகி நழுவலாம். மார்புப் பட்டியும் சேர்ந்த முழு உடல் ஹார்னஸ் எடுங்கோ. பாரமான பை போடுற பெரிய ஆக்களுக்கும் அதே கதைதான்.

வழிகாட்டி இல்லாமல் போறதெண்டால் மகனுக்காக வேற பாதை தெரிவு செய்யுங்கோ. பல்சரேகோ கணவாயில கேபிள் காரில லகட்சுவொய் மேல போய், முதல் உலகப் போரில இத்தாலியர் குடைஞ்ச சுரங்கத்துக்குள்ளால இறங்கி வரலாம். ஒரு கிலோமீட்டருக்கு மேல உள்ளுக்கால போகும், செங்குத்தான ஈரப் படிகள், பிடிச்சு நடக்க வடம் இருக்கு. ஆளுக்கொரு தலைவிளக்கும் ஹெல்மெட்டும் கட்டாயம். போன் வெளிச்சத்தை நம்பாதேங்கோ, ஒரு கை வடத்துக்கு வேணும்.

---

கொங்குநாட்டான் (மியூனிக்)

மிக்க நன்றி. 2009 செட்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பையனும் நண்பரும் என் மனைவியோடு லகட்சுவொய் போகட்டும். அலுவலகத்தில் அனுபவமுள்ள ஒருவர் பிசியாடுக்கு என்னோடு வருகிறார்.

மாட்டிக் கழற்றும் முறையைக் கொஞ்சம் விளக்குங்களேன். ஓய்வுக்கென்று குட்டையாக மூன்றாவது கை உள்ள செட்டைக் கடையில் காட்டினார்கள். அது வேண்டுமா? ஆகஸ்ட், செப்டம்பரில் கூட்டம் இருக்கும் என்றும் கேள்விப்பட்டேன்.

---

கல்லும்கயிறும்

செட்டை ஹார்னஸில் மாட்டுவதிலிருந்தே தவறு தொடங்குகிறது, ஆகவே அங்கிருந்து வருகிறேன்.

செட்டின் அடியில் இருக்கும் நாடா வளையத்தை ஹார்னஸின் பிலே லூப் (முன்பக்க நடு வளையம்) வழியாக நுழையுங்கள் (சில ஹார்னஸ்களில் கயிறு கட்டும் இரண்டு வளையங்கள் வழியாக, கையேட்டில் படம் இருக்கும்). செட் முழுவதையும் அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்து இறுக்குங்கள். நடுவில் தனியாக ஒரு கேராபினர் போட்டு இணைக்க வேண்டாம். அது குறுக்கே திரும்பினால் வலிமையில் பெரும்பகுதி போய்விடும். நிறுவனமே அப்படி ஒன்றைப் பொருத்திக் கொடுத்திருந்தால் மட்டும் விதிவிலக்கு. பிறகு ஒருவர் மற்றவரைச் சோதியுங்கள்: ஹார்னஸ் பக்கிள், முடிச்சு, ஹெல்மெட் பட்டி. இரண்டு கேராபினர்களும் தாமாகப் பூட்டுகின்றனவா என்றும் பாருங்கள். மோதிரம் கழற்றுங்கள், தலைமுடியைக் கட்டுங்கள், தொங்கும் பட்டி நுனிகளைச் செருகுங்கள்.

நகரும்போது செட்டின் இரண்டு கைகளும் வடத்தில் இருக்கும். ஆங்கர் வந்ததும் கால் நிலையாக நிற்கும் இடம் பார்த்து, ஒரு கையால் வடத்தையோ படியையோ பிடித்துக்கொண்டு, முதல் கேராபினரை எடுத்து ஆங்கரைத் தாண்டி மாட்டுங்கள். பூட்டிய சத்தம் கேட்ட பிறகுதான் இரண்டாவது. எந்த நொடியிலும் ஒன்றாவது வடத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் இரும்புப் படிகளில் மாட்டாதீர்கள், வடத்தில் மட்டும். படியின் கம்பியில் கேராபினர் குறுக்கே படுத்து வளைவு விசை பட்டால் முறியக்கூடும்.

அடிக்கடி பார்க்கும் பெரிய தவறு: ஒரு கேராபினரை மட்டும் வடத்தில் போட்டு, மற்றதைத் தொங்காமல் இருக்கட்டும் என்று ஹார்னஸ் வளையத்திலோ பிலே லூப்பிலோ மாட்டிக்கொள்வது. ஒய் வடிவ செட்டில் அது அப்சார்பரைச் சுற்றி ஒரு குறுக்குவழி போட்டதாகிவிடும். விழும்போது விசை அந்தக் கை வழியாக நேரே ஹார்னஸுக்குப் போகும். தையல் கிழியாது, அல்லது பாதி கிழிந்து அதற்கு மேல் கிழியாமல் உதறும்.

ஓய்வுக் கையும் இதே வகைதான். கை சோர்ந்தால் ஆங்கரிலோ படியிலோ அதை மாட்டி உட்காரலாம், மிகவும் பயனுள்ளது. அது அப்சார்பருக்கு முன்னாலேயே ஹார்னஸோடு இணைந்திருக்கும் என்பதால், அதை மாட்டியபடி ஓர் அடிகூட மேலே ஏறக் கூடாது. உட்காருவதற்கு முன் இரண்டு நீளக் கைகளும் வடத்தில் இருக்க வேண்டும், எழுந்து ஏறும் முன் ஓய்வு கேராபினரைக் கழற்ற வேண்டும். இந்த ஒழுங்கு கைக்கு வராதவர் அது இல்லாத செட்டே வாங்கட்டும், ஓய்வுக்குத் தனியாக ஒரு குட்டை ஸ்லிங் வைத்துக்கொள்ளலாம். இங்கே ஸ்லிங் போதும், உட்காரத்தானே.

இடைவெளி: இரண்டு ஆங்கர்களுக்கு நடுவில் ஒருவர் மட்டும். இருவர் இருந்து மேலே உள்ளவர் விழுந்தால் அவர் கேராபினர் கீழ் உள்ளவரின் கையில் வந்து இறங்கும். செங்குத்தில் ஓர் ஆங்கர் இடைவெளிகூடப் போதாது. விழுபவர் ஆங்கரில் நிற்க மாட்டார், கை நீளமும் கிழிசல் நீளமும் சேர்ந்து அதற்கும் 3 மீட்டர் கீழே வரை வருவார். இரண்டு ஆங்கர் விட்டு நில்லுங்கள். பின்னால் வருபவர் நெருக்கினால் கையைக் காட்டி நிறுத்துங்கள், தவறில்லை. முந்திச் செல்ல விடுவது அகலமான திட்டில் மட்டும். நீங்கள் சுவர்ப்பக்கம் ஒதுங்கி நின்றுகொள்ளுங்கள்; அவர் உங்கள் கேராபினர்களைத் தாண்டித் தன்னுடையதை மாட்டிக்கொண்டு போவார்.

ஒரு செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும். செட் சரியாக வேலை செய்தாலும் இரும்புப் படிகளிலும் திட்டுகளிலும் மோதிக்கொண்டேதான் விழுவீர்கள். கணுக்கால், இடுப்பு முறிவது சாதாரணம். ஆகவே இங்கே விழுவது என்பதே திட்டத்தில் கிடையாது. உள்ளரங்கச் சுவரில் 'விழுந்து பழகு' என்பார்களே, அந்தப் பழக்கத்தை மறந்துவிடுங்கள். முன்கை வீங்கிப் பிடி தானாகத் திறக்கத் தொடங்கினால் உடனே ஓய்வெடுங்கள், அடுத்த ஆங்கர் வரை தாங்கும் என்று பார்க்க வேண்டாம். உடலைக் காலால் தூக்குங்கள். வடத்தை இழுத்து ஏறினால் அரை மணி நேரத்தில் கை தீர்ந்துவிடும்.

கையுறை உள்ளங்கையில் தோல் வைத்தது வேண்டும். பழைய வடங்களில் அறுந்த இழைகள் ஊசியாக நீட்டியிருக்கும். காலணி விளிம்பு விறைப்பாக இருக்கட்டும், மென்மையான ஓட்டக் காலணியில் படிகளின் மேல் பாதம் வலிக்கும்.

---

வடமுனை (இன்ஸ்புருக்)

மேலே சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். பக்கவாட்டுப் பகுதியில் இரண்டு ஆங்கர் விட வேண்டியதில்லை, ஒன்று போதும். பிசியாடுவில் ஆகஸ்டில் அதைக்கூடக் கடைப்பிடிக்க முடியாத நெரிசல் இருக்கும், ஆகவே காலை ஏழு மணிக்குள் வாகன நிறுத்தத்தில் இருங்கள்.

பாதை அமைப்பு: கணவாயிலிருந்து கொர்வாரா பக்கம் இறங்கும் வழியில் நிறுத்தம். அங்கிருந்தே இரும்புப் படிகள் வைத்த ஒரு சிறு சுவர், பெரும்பாலும் ஈரமாக இருக்கும். இங்கேயே கை நடுங்கினால் திரும்பிவிடுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம். பிறகு நடை, அதற்கப்புறம் அருவிக்குப் பக்கத்தில் முக்கியப் பகுதி. கடைசியில் எக்ஸ்னர் கோபுரம் என்னும் செங்குத்துச் சுவர், அதன் முடிவில் தொங்குபாலம். மிகக் கடினமான இடமும், காலடியில் வெறும் ஆழம் தெரியும் இடமும் அங்கேதான். அதற்கு முன்னாலேயே பாதையை விட்டு விலகி மலைக்குடிலுக்கு நடந்து போகும் வழி உண்டு. அந்த இடத்தில் கையின் நிலையையும் வானத்தையும் பார்த்து முடிவெடுங்கள். குடில் 2585 மீட்டரில் இருக்கிறது, மொத்த ஏற்றம் 600 மீட்டருக்குச் சற்று மேல்.

இறங்குவது 666 எண் பாதையில், வால் சேத்துஸ் பள்ளம் வழியாக. மேல் பகுதியில் வடம் இருக்கிறது, கீழே சரளைச் சரிவு. ஏறி முடித்த மகிழ்ச்சியில் ஹெல்மெட்டைக் கழற்றிப் பையில் போட்டுவிடுகிறார்கள். மேலே இருப்பவர் உருட்டும் கல் வருவது இந்தப் பள்ளத்தில்தான். செட்டையும் கழற்றாதீர்கள். கோடைத் தொடக்கத்தில் என்றால் இங்கே பனி கிடக்கும், செப்டம்பரில் புதுப் பனி விழுந்ததா என்று குடிலுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

இடி: கோடையில் டோலமைட்ஸில் மதியத்துக்கு மேல் இடிமழை வழக்கம். நூற்றுக்கணக்கான மீட்டர் எஃகு வடத்தில் உங்களை நீங்களே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மின்னல் தூரத்தில் விழுந்தாலும் வடம் கொண்டுவந்து சேர்க்கும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே உள்ள நொடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் வரும். ஆனால் அதை எண்ணும் நிலைக்கு வந்தாலே தாமதம்தான். முன்னறிவிப்பில் மதிய இடி என்று இருந்தால் 12 மணிக்குள் குடிலில் இருக்க வேண்டும். மாட்டிக்கொண்டால் கோபுர உச்சியையும் பாலத்தையும் விட்டு இறங்கி, விழாமல் நிற்கக்கூடிய திட்டில் வடத்திலிருந்து விலகி, சுவரில் சாயாமல், பையின் மேல் கால்களைச் சேர்த்துக் குந்துங்கள். விழும் ஆபத்து உள்ள இடத்தில் மட்டும் மாட்டியே இருங்கள்.

---

பனிக்கோடாரி (சூரிச்)

காப்புறுதி பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. இத்தாலியில ஹெலிகொப்டர் மீட்புக்குக் காசு கேப்பினம், காயமில்லாமல் 'இறங்க ஏலாமல் நிக்கிறன்' எண்டு கூப்பிட்டால் இன்னும் கூட. மியூனிக்கில இருக்கிறபடியால் ஜெர்மன் ஆல்பைன் சங்கத்தில உறுப்பினராகுங்கோ. மலை மீட்புச் செலவு ஆளுக்கு 25,000 யூரோ வரை அதில அடங்கும். செட், ஹெல்மெட் இரவல் குடுக்கிற கிளைகளும் இருக்கு. ஊரில இருந்து விசாவுக்கு எடுத்துக்கொண்டு வாற பயணக் காப்புறுதியில மலையேற்றம் விலக்கப்பட்டிருக்கிறது வழமை, நண்பர் அப்பிடி வாறார் எண்டால் பத்திரத்தை வாசிச்சுப் பாக்கச் சொல்லுங்கோ.

அவசர எண் 112. பள்ளத்தில சிக்னல் இல்லையெண்டால் ஒரு நிமிசத்தில ஆறு தரம் விசில் அல்லது விளக்கு, ஒரு நிமிசம் நிறுத்தி திரும்பவும் ஆறு. பதில் நிமிசத்துக்கு மூண்டு தரம் வரும். விழுந்த ஆள் செட்டில தொங்கினால் உடன ஒரு திட்டுக்கோ படிக்கோ கால் வைக்கச் செய்யுங்கோ. மயங்கி அசையாமல் ஹார்னஸில தொங்கினால் சில நிமிசத்திலயே உயிராபத்து.

---

கொங்குநாட்டான் (மியூனிக்)

சங்கத்தில் இன்றே பதிந்துவிட்டேன். ஏ/பி பாதை ஒன்று முதலில் போகச் சொன்னீர்களே, அந்தப் பக்கத்திலேயே எது சரியாக இருக்கும்?

---

வடமுனை (இன்ஸ்புருக்)

அவெராவ். பல்சரேகோ கணவாய்க்குப் பக்கம்தான், அவர்கள் லகட்சுவொய் போகும் நாளிலேயே நீங்கள் இதை முடிக்கலாம். வடம் உள்ள பகுதி குட்டையானது, அதைத் தாண்டி 2649 மீட்டர் உச்சி வரை சரளையில் நடை. இறங்குவதும் அதே வடத்தில் என்பதால் மாட்டிக் கழற்றும் பழக்கம் இரண்டு திசையிலும் வந்துவிடும். ஏறுபவரும் இறங்குபவரும் எதிரெதிரே வரும் இடம். இறங்கும்போது முதல் திட்டில் நின்று கீழே எட்டிப் பாருங்கள், யாராவது ஏறிக்கொண்டிருந்தால் அவர் வந்து சேரட்டும்.